நாட் விமான மாதிரி: இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்

72-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் விமான மாதிரியில் அரை மில்லிமீட்டர் இடைவெளி என்பது உண்மை விமானத்தின் அளவில் 36 மில்லிமீட்டர் ஆகும். இரண்டு விரல்களைச் சேர்த்து உள்ளே விடக்கூடிய அப்படியொரு பிளவோடு எந்தப் போர் விமானமும் ஓடுபாதையை விட்டு எழும்பியதில்லை. ஆகவே மாதிரியில் அது தெரிந்துவிட்டால், மற்ற வேலைகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பார்ப்பவரின் கண் அங்கேயே போய் நிற்கும். அண்மையில் பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில் செய்து முடித்த நாட் விமான மாதிரியில் இத்தகைய பிளவுகள் இறக்கை, விமானி அறை, காற்று நுழைவாய், கண்ணாடிக் கூடு என எல்லா இடங்களிலும் இருந்தன. அவற்றைச் சரிசெய்த முறையையும், அதற்காக நம் ஊரில் கிடைக்கும் பொருள்களில் எவை உதவின என்பதையும் வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாட் விமானத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ஃபாலண்ட் நிறுவனத்தில் டபிள்யூ. ஈ. டபிள்யூ. பெட்டர் வடிவமைத்து, 1955-இல் முதன்முதலாகப் பறந்த இந்தச் சிறு விமானத்தை அதன் சொந்த நாட்டு விமானப்படை போர் விமானமாக ஏற்காமல், இரண்டு இருக்கைகள் கொண்ட பயிற்சி விமானமாகவே வாங்கியது. ஓர் இருக்கைப் போர் விமானமாக அதைப் பெருமளவில் பயன்படுத்தியது இந்திய விமானப்படைதான். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதைக் கட்டியது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியதால் அதற்குச் ‘சேபர் ஸ்லேயர்’ (சேபர் கொல்லி) என்ற பட்டப்பெயர் கிடைத்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத்தளத்தைக் காப்பதற்காக நாட் விமானத்தில் எழும்பித் தனியாகப் போரிட்டு உயிர் நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன்தான் இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர். அவர் பணியாற்றிய 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020-இல் தேஜஸ் விமானங்களோடு நம் சூலூரில் புத்துயிர் பெற்றது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்தே ஒரு நாட் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

நான் செய்ய விரும்பியது 1965-ஐ ஒட்டிய காலத்தின் வெள்ளி நிற விமானம். பச்சையும் பழுப்புமாகத் தீட்டப்படும் மாதிரியில் சிறு குறைகள் வண்ணத்தின் மாறுதலுக்குள் மறைந்துவிடும். வெள்ளிப் பூச்சு எதையும் மறைக்காது. அதற்குக் கீழே தலைமுடி அளவு பள்ளம் இருந்தாலும் ஒளி அங்கே முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். எனவே இந்த மாதிரியில் பொருத்தும் வேலைதான் முதன்மை, வண்ணம் தீட்டுவது அதற்கு அடுத்தது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

பெட்டியில் வந்தது குறைந்த எண்ணிக்கைக்காகச் செய்யப்படும் அச்சில் வார்த்த பாகங்கள். பெரிய நிறுவனங்கள் எஃகு அச்சு வெட்டி இலட்சக்கணக்கில் வார்ப்பது வேறு. சில ஆயிரம் பெட்டிகளுக்காக மென்மையான உலோகத்திலோ பிசினிலோ அச்சு செய்து வார்ப்பது வேறு. இரண்டாவது வகையில் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ஊசியும் துளையும் இருக்காது. இறக்கையின் பின் விளிம்பு தடித்திருக்கும், பாகங்களைப் பிடித்திருக்கும் வார்ப்புச் சட்டத்திலிருந்து பாகத்துக்குப் போகும் காம்பு பென்சில் கனத்தில் இருக்கும், ஓரமெல்லாம் மெல்லிய பிசிறு படிந்திருக்கும். இதைக் குறை என்று சொல்வதற்கில்லை. யாரும் வார்க்காத விமானத்தை இந்த முறையில்தான் வார்க்க முடிகிறது, மிச்ச வேலை நம்முடையது.

முதலில் எல்லாப் பாகங்களையும் சட்டத்தோடு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு இட்டுக் கழுவினேன். அச்சிலிருந்து பாகம் எளிதாக வெளிவருவதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப்பசை போன பிறகுதான் பசையும் வண்ணமும் ஒழுங்காகப் பிடிக்கும். கழுவும்போதே இறக்கையின் மேல் துண்டு நீளவாக்கில் முறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில்தான் முழுமையாக இளகத் தொடங்கும். அதற்குச் சற்றுக் கீழே உள்ள வெப்பத்தில் வளைந்து கொடுக்கும். எவர்சில்வர் தாம்பாளத்தில் கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, இறக்கையை அதில் அமிழ்த்தி, முறுக்கை எதிர்ப்பக்கமாகச் சற்றே கூடுதலாகத் திருப்பிப் பிடித்தபடி குளிர்ந்த நீருக்கு மாற்றினேன். இதைச் சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் முன் விளிம்பில் அலை விழுந்துவிடும். கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, ஒளியை எதிரே பிடித்து, அடியில் ஒளி கசியும் இடங்களைப் பார்த்து நேராகிவிட்டதா என்று சோதித்துக்கொண்டேன். ஆனால் இந்த விமானத்தின் இறக்கை தட்டையானதன்று. உடலின் தோளில் அமர்ந்து, சுமார் 40 பாகை பின்னோக்கிச் சாய்ந்து, நுனிகள் சற்றே கீழே தாழ்ந்து நிற்பது. ஆகவே இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாகவே சோதிக்க வேண்டியிருந்தது.

கருவிகளுக்காக எங்கும் எழுதிக் கேட்க வேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் பொற்கொல்லர்களுக்கான கருவிகள் விற்கும் கடைகள் இருக்கின்றன. நுண்ணிய அரங்கள், கூர்மையான சாமணம், இழை வாள், கைப்பிடியில் பொருத்தும் நூல் கனத் துளைக்கம்பிகள் ஆகிய யாவும் அங்கே கிடைக்கும். தங்கத்தை அராவும் அரம் பிளாஸ்டிக்கை அராவுவதற்கு மிகவும் ஏற்றது. பெயின்ட் கடையில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் 400-இலிருந்து 2000 எண் வரை கிடைக்கும். பசையை இழுத்து விடுவதற்குப் பனை ஓலையின் ஈர்க்கைக் கூராகச் சீவி வைத்துக்கொள்வது என் வழக்கம். அது பசையில் கரையாது, பிளாஸ்டிக்கைக் கீறவும் கீறாது, முனை மழுங்கினால் மறுபடியும் சீவிக்கொள்ளலாம்.

இறக்கையின் பின் விளிம்பைப் பற்றி ஒரு சொல். பெட்டியில் வந்தபடியே ஒட்டினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். உண்மை விமானத்தில் அது 7 சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். கண்ணாடிப் பலகையின் மேல் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் உட்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, பின் விளிம்பின் மேல் மட்டும் விரலால் அழுத்திச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். விளிம்பு ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இந்த வேலையை வெளிப்பக்கத்திலிருந்து செய்தால், விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் தகட்டுக் கோடுகள் அழிந்துவிடும்.

அடுத்தது பசையின்றிப் பொருத்திப் பார்ப்பது. உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் மட்டும் சேர்த்துப் பிடித்தபோது அவை ஓரளவு நன்றாகவே சேர்ந்தன. விமானி அறைத் தொட்டியை உள்ளே வைத்துச் சேர்த்தால் மூக்கிலிருந்து இறக்கையின் தொடக்கம் வரை ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பிளவு விழுந்தது. தொட்டியை எடுத்துவிட்டு, எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாயை மட்டும் வைத்தால் வால்பக்கம் பிளந்தது. இப்படி ஒவ்வொன்றாக வைத்தும் எடுத்தும் பார்த்தால்தான் எந்தப் பாகம் எந்தப் பிளவுக்குக் காரணம் என்பது தெரியவரும். எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்துவிட்டுப் பிளவைப் பார்த்தால், காணப்படும் இடைவெளி எந்தத் தடையால் ஏற்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தச்சநல்லூர்ப் பக்கம் கார்களுக்கு டிங்கரிங் வேலை பார்க்கும் ஒருவரிடம், பள்ளங்களை அடைக்கும் பசையான பட்டி (putty) வாங்கப் போயிருந்தேன். கையில் கொண்டுபோன உடற்பகுதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “அண்ணாச்சி, பட்டிய அப்புறதுக்கு முன்னால உள்ள எங்க இடிக்குன்னு பாருங்க. இடிக்கிற எடத்த அப்படியே விட்டுட்டு மேல அடச்சா, நாளைக்கு அங்கனயே வெடிச்சிரும்லா.” நசுங்கிய கதவுகளோடு பல்லாண்டு பழகியவர் சொன்னதால், அன்று பட்டியோடு சேர்த்து அவருடைய வேலைமுறை ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடிக்கும் இடத்தைத் துல்லியமாகக் காண ஃபிட்டர்கள் நீல மையைப் பூசிப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு 6பி பென்சிலின் கரி போதும். விமானி அறைத் தொட்டியின் ஓரங்களிலெல்லாம் கரியைத் தேய்த்து, உடற்பகுதிக்குள் வைத்து இரு பாதிகளையும் அழுத்தி எடுத்தால், உட்சுவரில் இடிக்கும் இடங்களில் மட்டும் கரிப்புள்ளி பதிந்திருக்கும். என் பெட்டியில் தொட்டியின் பக்கச்சுவர்கள் இரண்டும் இடித்தன. அதைவிட முக்கியமாக, உடற்பகுதியின் உட்சுவரிலேயே வார்ப்பை வெளியே தள்ளும் கம்பிகள் விட்டுச்சென்ற வட்டத் திட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. திட்டுகளை உளியால் சீவி, தொட்டியின் சுவர்களைக் காகித கனத்துக்கு அராவி, மீண்டும் கரி பூசிப் பார்த்து, மீண்டும் அராவினேன். பதியும் புள்ளிகள் ஓரிடத்தில் குவியாமல் பரவலாகத் தெரியத் தொடங்கினால் பாகம் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். இதை முடித்தபோது மூக்குப்பக்கத்துப் பிளவு பட்டி எதுவும் இல்லாமலேயே மூடிக்கொண்டது. முழு வேலையிலும் மிகுந்த நேரம் பிடித்தது இதுதான்; மிகுந்த பயன் தந்ததும் இதுதான்.

இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு ஊசியும் துளையும் இல்லாததால், ஒரு பாதியின் உள்ஓரத்தில் சிறு சிறு பிளாஸ்டிக் தகடுகளைப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு ஒட்டினேன். மறுபாதி அவற்றின் மேல் வந்து உட்காரும்போது படி விழாது. இதற்கான தகடு வெளிநாட்டிலிருந்து பட்டை பட்டையாக விற்கப்படுகிறது. ஆனால் பழைய ஐஸ்கிரீம் கப்புகளிலும் குறுந்தகட்டு உறைகளிலும் உள்ளது இதே பாலிஸ்டைரீன்தான். கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், எந்தப் பசைக்கும் இளகாது. தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடைசெய்யப்பட்டதிலிருந்து கப்புகள் அரிதாகிவிட்டன. குறுந்தகட்டு உறைகளோ யாருக்கும் வேண்டாதவையாக எல்லா வீட்டுப் பரண்களிலும் கிடக்கின்றன. அவை சற்று எளிதில் நொறுங்கும் என்பதால் வெட்டும்போது ஒரே முறையில் அழுத்தாமல் பலமுறை கீறி ஒடிப்பது நல்லது.

நான் பயன்படுத்தியது தண்ணீரைப் போன்ற மெல்லிய கரைப்பான் பசை. இது உண்மையில் ஒட்டும் பசையன்று. இரு பக்கங்களிலும் பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிட்டுப் பின் ஆவியாகிப் போய்விடும். ஆகவே சேரும் விளிம்புகள் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துத் தூரிகையால் தொட்டால் நுண்துளை ஈர்ப்பால் கோட்டின் நெடுகிலும் ஓடிவிடும். சில நொடிகள் கழித்து மெல்ல அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரம்பாக வெளியே பிதுங்கும். அந்த வரம்பு காய்ந்த பின் சீவிவிட்டால் கோடே தெரியாது. முழு நீளத்தையும் ஒரே சமயத்தில் ஒட்டாமல், வால்பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர், அது இறுகிய பின் அடுத்த இரண்டு சென்டிமீட்டர் என்று முன்னேறினேன். ஒவ்வொரு பகுதியிலும் இரு பாதிகளும் சமமட்டத்தில் இருக்கின்றனவா என்பதை நகத்தால் தடவிப் பார்த்துச் சரிசெய்ய இது இடம் கொடுக்கும். அக்ரிலிக் பெயர்ப்பலகை செய்பவர்கள் வைத்திருக்கும் குளோரோஃபார்ம் பாலிஸ்டைரீனையும் ஒட்டும். ஆனால் அதன் ஆவி கல்லீரலுக்குக் கேடு என்பதால், மூடிய அறையில் அதைத் தொடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

உடலை மூடுவதற்கு முன் மூக்கில் எடை வைக்க வேண்டும். முக்கியச் சக்கரங்கள் பின்னால் இருப்பதால் எடை போதாவிட்டால் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். உவரியில் மீனவர்கள் வலையில் கட்டும் ஈயம் நெடுநாளாக என் பெட்டியில் உண்டு. அதைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி விமானி அறைத் தொட்டியின் அடியிலும் மூக்கிலும் திணித்தேன். எல்லாப் பாகங்களையும் ஒட்டுநாடாவால் தற்காலிகமாகக் கட்டி, சக்கரக் கால்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன் மேல் நிறுத்திப் பார்த்து, மூக்கு தயங்காமல் கீழே சாயும் வரை எடையைக் கூட்டினேன். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையால் ஈயத்தை ஒட்டக் கூடாது. அந்தப் பசையிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலம் மூடிய இடத்துக்குள் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக மாற்றும். பொடி ஈயத்தைவிடப் பெரிய இடத்தை அடைக்கும் என்பதால் சில ஆண்டுகளில் மாதிரியின் உடல் உள்ளிருந்தே பிளந்துவிடும். இரண்டு குழாய்களைக் கலந்து ஒட்டும் எப்பாக்சிப் பசையே இதற்குப் பாதுகாப்பானது. ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிடுவதற்கு முன் சோப்பால் கழுவ வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி இறக்கை. நாட் விமானத்தின் இறக்கை ஒரே துண்டாக உடலின் மேற்பகுதியில் வந்து அமர்வது. மாதிரியிலும் அவ்வாறே முதுகில் ஒரு வெட்டு விட்டு, அதன் மேல் இறக்கை உட்காருமாறு செய்திருந்தார்கள். உட்கார வைத்துப் பார்த்தபோது மூன்று குறைகள் ஒன்றாகத் தெரிந்தன: இரு பக்கங்களிலும் இறக்கையின் வேருக்கும் உடலுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் பிளவு, முன்பக்கம் இறக்கை உடலைவிட உயர்ந்து படியாக நின்றது, பின்பக்கம் முதுகுத்தண்டு வரும் இடத்தில் அதே அளவு தாழ்ந்திருந்தது. மூன்றையும் தனித்தனிக் குறைகளாகக் கொண்டு பட்டியால் அடைத்திருந்தால் விமானத்தின் முதுகே உருமாறியிருக்கும். முன்னால் உயரமும் பின்னால் தாழ்வும் ஒன்றாக வருவதால் இறக்கை ஏதோ ஒன்றன் மேல் ஏறி ஊசலாடுகிறது என்று ஊகித்து, மீண்டும் பென்சில் கரியை நாடினேன். வெட்டின் முன்சுவரில், விமானி அறையின் பின்தடுப்பு உடலோடு சேரும் மூலையில், பசை பிதுங்கி இறுகிய ஒரு மேடும் தடுப்பின் மேல் ஓரமும் இறக்கையைத் தூக்கிக்கொண்டிருந்தன. அவற்றைச் சீவியதும் முன்பக்கப் படி பெருமளவு இறங்கியது, பின்பக்கம் தானாகவே உயர்ந்தது. எஞ்சிய சிறு தாழ்வுக்குக் கப்பிலிருந்து வெட்டிய மெல்லிய தகட்டை இறக்கையின் அடியில் பின்பக்கம் வைத்ததும் முதுகுக்கோடு நேரானது.

பக்கவாட்டுப் பிளவு அப்படியே இருந்தது. அதன் காரணம் வேறு. உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, கோட்டை உப்புத்தாளால் தேய்த்ததில் உடலின் அகலம் சற்றுக் குறைந்திருந்தது. வார்ப்பிலேயே தோள் உள்வாங்கியும் இருந்தது. வார்ப்புச் சட்டத்தின் கம்பி ஒன்றை எடுத்து, இறக்கை வெட்டுக்கு நேர் கீழே உடலின் உள்ளே குறுக்காக நிற்கும் அளவுக்கு, தேவையைவிடச் சற்றே நீளமாக வெட்டினேன். அதை நெருக்கி உள்ளே நிறுத்தியபோது தோள்கள் இரண்டும் வெளியே தள்ளப்பட்டு இறக்கை வேரை நோக்கி நகர்ந்தன. கம்பியின் நீளத்தை அரத்தால் இழை இழையாகக் குறைத்துக்கொண்டே வந்து, பிளவு மூடும் நீளத்தில் நிறுத்தி, ஒட்டி, முழுதாக இறுகும் வரை விட்டுவிட்டேன். இந்தக் குறுக்குக் கம்பி முறை பல விமான மாதிரிகளுக்குப் பொருந்தும். ஆனால் அளவுக்கு மீறி நெருக்கினால் அடிவயிற்றின் ஒட்டு பிரிந்துவிடும். ஆகவே அடிக்கோட்டை உட்புறமாகப் பட்டைத் தகடுகளால் முன்கூட்டியே வலுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பின்னும் இடப்பக்கத்தில் பின் மூலையில் நூல் கனத்தில் ஒரு பிளவு எஞ்சியது. அதற்கு மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சட்டக்கம்பியைச் சூடாக்கி இழுத்துச் செய்த பிளாஸ்டிக் இழையைப் பிளவின் நெடுகில் படுக்கவைத்து, கரைப்பான் பசையைத் தொட்டு விட்டேன். இழை இளகிப் பிளவுக்குள் அமிழ்ந்து இறுகியது. மேலே எஞ்சிய நுண்பள்ளத்துக்கு, அதே சட்டத்தின் துணுக்குகளைப் பசைக் குப்பியில் போட்டு ஊறவைத்துத் தோசை மாவுப் பதத்தில் எடுத்த குழம்பைத் தடவினேன். இதன் சிறப்பு, காய்ந்த பிறகு சுற்றியுள்ள பிளாஸ்டிக்கின் கடினத்தோடு ஒத்திருப்பது. எனவே தேய்க்கும்போது நிரப்பிய இடம் மேடாகவோ பள்ளமாகவோ எஞ்சாது. குறை, காய்வதற்கு நாள்கணக்கில் ஆவதும் பின்னால் சுருங்குவதும். பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

காற்று நுழைவாய்களின் வேலை அலுப்பூட்டுவது, விளக்கிச் சொல்ல அதிகம் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக வரும் அவற்றின் பின் ஓரம் உடலைவிட உயர்ந்திருந்தது. உட்பக்கத்தை அராவித் தாழ்த்தி ஒட்டினேன். உதட்டுக்கு அடியிலிருந்த சிறு பள்ளங்களை உடனடிப் பசையில் (சூப்பர் குளூ) முகப்பவுடரைக் கலந்து நிரப்பினேன். உடனடிப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஐப்பசி மழைக்காலத்தில் கலக்கும்போதே கட்டியாகிவிடும், சித்திரையில் நிதானமாகக் கை கொடுக்கும். அதை இறுகிய சற்று நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். பிறகு உப்புத்தாள் பசையை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத்தான் தின்னும்.

கடையில் டியூபில் வரும் கார் பட்டியை மிக மெல்லிய கோடுகளுக்கு மட்டுமே பயன்படுத்தினேன். அதில் உள்ள தின்னர் ஆவியாகும்போது பட்டி சுருங்கும். தடிமனாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும், மெலிந்த பின் விளிம்பு போன்ற இடங்களில் பிளாஸ்டிக்கையே இளக்கிக் குழிவிழச் செய்யும். ஒவ்வொரு பூச்சையும் மெலிதாக இட்டு, முழுதாகக் காயவிட்டு, அடுத்ததை இட வேண்டும். தச்சநல்லூர் அண்ணாச்சியிடம் கற்ற முறை இங்கேதான் பயன்பட்டது. பட்டி காய்ந்ததும் நீர்த்த கறுப்பு வண்ணத்தை அதன் மேல் மெலிதாகத் தூவிவிட்டு, விரலால் தேய்க்காமல், உப்புத்தாளைச் சிறு கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். மேடான இடங்களில் கறுப்பு முதலில் போய்விடும். எங்கே கறுப்பு எஞ்சுகிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. கார் கதவில் ஓர் அடி நீளத்துக்குச் செய்வதை நான் 121 மில்லிமீட்டர் நீள விமானத்தில் செய்தேன். விரலால் தேய்த்தால் விரலின் மென்மை பள்ளத்துக்குள் இறங்கி, பள்ளத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும் என்பதையும் அவரே விளக்கினார்.

தேய்த்ததில் அழிந்த தகட்டுக் கோடுகளைத் தையல் ஊசியைக் கைப்பிடியில் பொருத்தி மீண்டும் கீறினேன். வளைந்த உடலின் மேல் நேர்கோடு கீற, எழுத்து பொறிக்கும் தடித்த ஒட்டுநாடாவின் ஓரம் நல்ல வழிகாட்டி. முதல் கீறல் எடையே இல்லாமல் இருக்க வேண்டும். ஆழம் பிறகு தானாக வரும். பட்டி நிரப்பிய இடத்தின் குறுக்கே கீறும்போது அது பொடிந்து உதிரும். சட்டக் குழம்பால் நிரப்பிய இடத்தில் அந்தத் தொல்லை இல்லை. கோடு எங்கே கடக்கப் போகிறது என்பதை முன்னரே பார்த்து நிரப்பும் பொருளைத் தேர்வது நல்லது.

கண்ணாடிக் கூடு உடலைவிட அகலமாக இருந்தது. இதை உடனடிப் பசையால் ஒட்டக் கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். முதலில் விமானி அறையின் ஓரச்சட்டத்தின் மேல் மெல்லிய தகடுகளை ஒட்டி, உடலின் பக்கச்சுவரைக் கூட்டின் அகலத்துக்குக் கொண்டுவந்தேன். பின்பு அந்தத் தகடுகளை உடலோடு சமமாகச் சரித்துத் தேய்த்தேன். கூட்டை வெள்ளை மரப்பசையால் ஒட்டி, எஞ்சிய மயிரிழைப் பிளவில் அதே பசையை ஓட்டி, ஈரத்துணியால் வழித்துவிட்டேன். மூக்கில் கூடாது என்று சொன்ன பசை இங்கே நல்லது, காய்ந்தபின் தெளிந்துவிடும், வழிந்தால் தண்ணீரில் போய்விடும்.

வெள்ளிக்கு முன் சாம்பல் நிற அடிப்பூச்சு. நம் பக்கத்தில் ஆடிக் காற்று வீசும் நாள்களில் சன்னலைச் சாத்தினாலும் புழுதி உள்ளே வரும்; கார்த்திகை மழையில் பூச்சின் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து பூச்சு வெளுத்துப் போகும்; கத்திரி வெயிலில் வண்ணத்துளி பாகத்தைச் சேருமுன் காய்ந்து மணல் போல் சொரசொரப்பாகப் படியும். ஆகவே தை, மாசி மாதங்களின் காலை வேளையே எனக்கு உகந்தது. அடிப்பூச்சு இட்ட பின் இடப்பக்க இறக்கை வேரில் ஒரு கோடும், மூக்கின் அடியில் ஊசிமுனை அளவில் இரண்டு குழிகளும் தெரிந்தன. அவற்றை நிரப்பித் தேய்த்து மீண்டும் பூசிய பின்தான் பளபளப்புக் கறுப்பும் அதன் மேல் வெள்ளியும் ஏறின. இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்ற வரிசையைப் பார்த்து ஒட்ட வேண்டும். நாட் இவ்வளவு சிறியது என்பதால் பிற விமானங்களுக்கான சின்னத்தாளிலிருந்து எடுத்தால் அளவு ஒவ்வாது.

வாலின் கிடை இறக்கைகளை வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டேன். நாட் விமானத்தில் கிடைவால் முழுவதுமே அசையும் பரப்பு. அதன் வேருக்கும் உடலுக்கும் நடுவே உண்மையிலேயே ஒரு சிறு இடைவெளி உண்டு. பெட்டியில் வந்த வால் துண்டுகள் உடலோடு முழுதும் ஒட்டிக்கொள்ளும்படி அகன்ற நாக்குகளோடு இருந்தன. அந்த நாக்குகளை வெட்டிவிட்டு, அரை மில்லிமீட்டர் கனப் பித்தளைக் கம்பியை வேரில் பதித்து, உடலில் துளையிட்டுச் செருகி, ஒரு காகிதத்தை நடுவில் வைத்து இடைவெளியைச் சமமாக்கிய பின் கம்பியில் மட்டும் பசை தொட்டேன்.